மடி

தெஹிவளையில் ஏறும்போதே நூற்றியோராம் நம்பர் பஸ் நிறைந்திருந்தது.
கம்பிக்கு ஒரு கை, பைக்கு ஒரு கை,
டிக்கட் காசுக்கு மூன்றாவது கை இல்லை.

யன்னலோரத்துப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பையின் காதைப் பிடித்து இழுத்தாள்,
மடியில் வைத்தாள்,
விட்ட இடத்திலிருந்து ஃபோனில் சிங்களத்தில் கதைத்தாள்.

இதே காலி வீதியில்
இதே அளவுப் பையை
எத்தனை தரம் கொட்டிக் காட்டியிருப்பேன்:
சீப்பு, சாப்பாட்டுப் பெட்டி, அடையாள அட்டை,
ஒளிக்க ஒன்றுமில்லாத வெட்கம்.
இவள் உள்ளே என்னவென்று கேட்கவேயில்லை.

பம்பலப்பிட்டியில் அவள் எழும்ப
கைக்குழந்தைக்காரி ஒருத்தி அங்கே அமர்ந்தாள்.
பை, பக்கத்தில் தூங்கிவழிந்த பொலிஸ்காரரின் மடிக்குப் போனது.
அவரும் திறக்கவில்லை.
அதன்மேல் கைவைத்து மறுபடி தூங்கினார்.
பை இருந்துகொண்டே வந்தது,
நான் நின்றுகொண்டே.

கொள்ளுப்பிட்டியில்
இடத்தையும் பையையும் சேர்த்தே தந்துவிட்டு இறங்கினார்.
நன்றி சொல்லத் திரும்பினேன், முதுகுதான் தெரிந்தது.

முன்னால் நின்றவரின் சொப்பிங் பாக்கைக்
கேளாமலே வாங்கி மடியில் வைத்தேன்.

மீன்.
ஐஸ் உருகி முழங்காலால் வடிகிறது.
அவர் நெளிகிறார், ஏதோ சிங்களத்தில் சொல்கிறார்.
பரவாயில்லை என்கிறேன் தமிழில்,
கோட்டை மட்டும்தானே.