பன்னிரண்டு அடி

கட்டாரிலிருந்து கொழுந்தன் அனுப்பிய பெட்டியில்
பால்மா, ஷாம்பு, புலி படம் போட்ட போர்வை.
அடியில் மூன்று துண்டாய் ஒரு தூண்டில்.
பூட்டினால் பன்னிரண்டு அடி.
"கடல் தூண்டில் அண்ணி,
குளிர் காலத்துல கரையில நின்னே வீசலாம்."
எந்தக் கரை என்று அவன் சொல்லவில்லை.
மஸ்கெலியாவிலிருந்து கடலுக்கு
இரண்டு பஸ், ஒரு வாந்தி,
ஒரு நாள் பேர் நட்டம்.

லயத்துக் கூரையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது.
மரியசெல்வி கேட்டாள்,
"டிவிக்கா?"

மார்கழி ஞாயிறு, விடிய ஐந்தரை.
சுவெட்டருக்கு மேல் கொழுந்துப் படங்கைக் கட்டி
மவுசாக்கலைத் தண்ணீருக்கு இறங்கினேன்.
பனியில் தண்ணீர் எங்கே தொடங்குகிறதென்று
சப்பாத்து நனைந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் இடம், நிற்க வசதியென்று நான் பிடித்தது.
என் முழங்கால் நோவு பற்றி
மீனுக்கு ஒரு கவலையும் இல்லை.
அணைக்கட்டுப் பக்கம் போனேன்,
காவல்காரன் விசில் ஊதினான்.
பீலித் தண்ணீர் வந்து விழும் முடக்கில்
இழுக்க இழுக்க வந்தது,
பாரமாய், நெஞ்சு அடித்துக்கொள்ள,
பள்ளிக்கூடச் சட்டை ஒன்று.
பட்டன் எல்லாம் இருந்தது.
துவைத்துக் காயப்போட்டேன், யாரும் கேட்டு வரவில்லை.

கூட வந்த ஈயக்குண்டு அலைக்கு எதிராய் நிற்கச் செய்தது.
இங்கே அலை இல்லை.
அது சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.
இஸ்டோரில் ரோலர் பக்கம் நிற்கிற தவசீலன்
பழைய நட்டு நாலு தந்தான்,
எதற்கென்று கேட்கவில்லை, நல்ல மனுசன்.

வியாழக்கிழமை நீர்கொழும்பு மீன் லொறி வந்தது.
சாளையை நிறுத்துக்கொண்டே குரூஸ் சொன்னான்:
"நிக்கிற எடத்த பாக்காத, தண்ணிய பாரு.
நெறம் மாறுற கோட்டுக்குப் பக்கத்துல பள்ளம் இருக்கும்.
கூதலுக்கு மீன் அங்கதான் ஒதுங்கும்,
என்ன மாதிரி சோம்பேறி."
கடல் இல்லாத ஊருக்கு என்ன செய்ய என்றேன்.
மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணித் தந்தான்.

தை பிறந்து ஒரு கிழமையில்
தண்ணீர் இரண்டு முழம் வற்றியது.
சேற்றில் கறுப்புக் கட்டைகள்.
எரிந்த காட்டின் மிச்சம் என்று நினைத்தேன்,
பிறகு ஒரு கட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவே
கால் தானாக அடி வைத்தது.
தேயிலை.
நான் பிறக்க முன்பே முழுகிய மலை,
கவ்வாத்து வெட்டிய உயரத்திலேயே நின்றது.
நெரைக்கு நெரை நாலடி,
இருபத்திரண்டு வருசம் கூடையோடு நடந்த அகலம்.
மூன்றாம் நெரைக்குப் பக்கத்தில்
பழைய கான் ஒன்று, கல் அடுக்கிய கான்,
சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போனது.
அது போன இடத்தில்
தண்ணீர் கொஞ்சம் கரும்பச்சை.

பள்ளம் என்றானே!

முதல் வீச்சு, வேர்.
இழுத்தால் விடாது,
எனக்குத் தெரியாத பிடியா அது.
முள் போனது, ஒரு நட்டும் போனது.
இரண்டாம் வீச்சு குறுக்கே விழுந்தது.
மூன்றாவதைக் கான் போகிற போக்கிலேயே விட்டேன்,
விரல் விறைத்து, நூல் இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல்.
தடிதான் முதலில் குனிந்தது.
திலாப்பியா, கையகலம்,
செதில் முழுக்க விடியல்.
இன்னொன்று. பிறகு வெயில் வந்துவிட்டது,
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"எந்தப் பக்கம் புடிச்சே?" மரியசெல்வி
மஞ்சள் தடவிய துண்டை முகர்ந்தாள்.
"பதினேழாம் நம்பர் மலை."
எங்கள் டிவிசனில் பதினாறு நம்பர்தான்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்,
பிறகு வால் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ராத்திரி கொழுந்தனுக்கு வொயிஸ் போட்டேன்:
தம்பி, பன்னிரண்டு அடி கூடிப்போச்சு, எட்டு போதும்.
முள் ஒரு பக்கெட் அனுப்பு,
நல்லா சின்னதா.