ஆறாம் எண் கேன்

புதன்கிழமை விடிவதற்குள்
எல் ஆல்டோவில் கேன்கள் உறைந்துவிடும்.
உலுக்கினால் சத்தம் வராது, கல் மாதிரி.
செவெரினா சோக்கே மூன்று சக்கர வண்டியை நிறுத்தி
ஒவ்வொன்றாய்த் தொங்கு தராசில் மாட்டுகிறாள்.
மஞ்சள் கேன். இருபது லிட்டர்.
மூடியில் வீட்டு எண்.

நோட்டில் எடையை மட்டும் எழுதினால் போதும்.
ஆனால் எடைக்கு வாய் உண்டு.

இரண்டாம் எண்ணில் பதினெட்டரைக் கிலோ,
போன வாரம் பன்னிரண்டு.
சுரங்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறான்.
ஒன்பதாம் எண்ணில் ஏழுதான்.
மகள் சாண்டா குரூஸுக்குப் பஸ் ஏறியதை
அம்மா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
பதினொன்றில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது:
யாரோ மாத்திரை விழுங்குகிறார்கள்.
இதைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும்,
உருளைக்கிழங்குக்கு ஆகாது.

மரத்தூள் மூடிய வாளிகள் தனி.
அவை மண்புழுவுக்கு.

திறப்பு விழாவில் இன்ஜினியர்
"இது கழிவல்ல, வளம்" என்றார்.
கைதட்டல் அடங்கியதும்
செவெரினா கையுறையோடு கை நீட்டினாள்.
அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு வெயில் ஏறி, பனி இளகி,
வண்டி மணக்கத் தொடங்குகிறது.
பின்னால் நடக்கும் எனக்கு மூக்கைப் பொத்தக் கூச்சம்.
என் மொழியில் நாற்றம் என்றால்
ஒரு காலத்தில் பூவின் வாசனை.
எந்தத் தெருமுனையில் கைமாறியது அந்தச் சொல்?

ஆறாம் எண் யூஸ்டாக்கியோ லிமாச்சியுடையது.
"மூத்திரத்தில் விளைந்ததை நாய்க்குப் போடு" என்று
கூட்டத்திலிருந்து எழுந்து போனவர்.
மனைவிக்காகத்தான் கேன் வைத்தார்.
மூன்று புதன்களாய் அது காலி.

எடையில்லாத கேன் பயமுறுத்தும்.
தட்டினாள். பதிலில்லை.
பக்கச் சந்து வழியே கொல்லைக்குப் போனாள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர்
சரளைக் குழியில் இறங்கி, கோரைக்குள் நுழைந்து
நுரையைத் தொலைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.
சுவரோரம் இடுப்புயரத்துக்கு மொச்சை,
கறுப்புக் கண் வைத்த வெள்ளைப் பூவோடு.
நடுவில் குந்தியிருந்தார் யூஸ்டாக்கியோ.
கையில் குவளை,
பக்கத்தில் மாதக் கணக்காய் மூடிவைத்த பழைய கேன்,
ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் என்று
வாளியில் கரிக்கோடு.

பிடிபட்ட முகத்தோடு எழுந்தார்.
"உங்கள் ஆட்கள் அளவு தெரியாமல் ஊற்றுகிறார்கள்" என்று
திட்டினார் முதலில்.
பிறகு ஒரு கை நிறைய மொச்சை பறித்து நீட்டினார்.

செவெரினா கையுறையைக் கழற்றினாள்.

தெருவுக்கு வந்து
ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு
நோட்டில் எழுதினாள்:
ஆறு. பூஜ்யம்.