சேத வகை: மற்றவை

திரும்பி வரும் புத்தகங்களின் பெட்டியை
திங்கட்கிழமை காலையில் திறப்பவள் நான்.
கெண்ட் நகரம், மழை, எட்டரை மணி.
படிவத்தில் சேதம் ஐந்து வகை:
கிழிசல், ஈரம், கிறுக்கல், நாய், மற்றவை.
சாக்லேட் கதைப் புத்தகங்கள் மட்டும்
எப்போதும் ஐந்தாவதில் போய் விழும்.

நக்கியிருப்பார்கள்.
பன்னிரண்டாம் பக்கத்துப் பழுப்பின் மேல்
நத்தை போன தடம் மாதிரி ஒரு பளபளப்பு,
தாள் அங்கே மட்டும் உப்பி இருக்கும்.
ஒருமுறை ஓரத்தைக் கடித்தே இருந்தார்கள்.
அரைவட்டக் கடி,
நடுவில் மட்டும் தாள் பிழைத்து நின்றது
இரண்டு பல் அகலத்துக்கு.

அந்த வாரம் முழுக்க
வந்த பிள்ளைகளையெல்லாம் சிரிக்க வைத்துப் பார்த்தேன்.
புதன்கிழமை அகப்பட்டான் வான்னஸ்,
முன்பல் இரண்டும் விழுந்த ஏழு வயது.
திட்டவில்லை. ருசி எப்படி என்று மட்டும் கேட்டேன்.
"பசை" என்றான், ஏமாந்தவன் குரலில்.

அலமாரியில் சாக்லேட் கதைகள் முப்பத்தொன்று.
வெயிலுக்குப் பயந்து
நிலவறையில் குடியிருக்கும் சாக்லேட் கரடி,
பழுப்புப் பால் கறக்கும் பசு,
உருகும் முன் வீடு சேர ஓடும் தபால்காரர்.
ஒன்றே ஒன்றில்தான் மரம் உண்டு.
இருபத்து மூன்றாம் பக்கம்.
கிளை நுனிகளில் மஞ்சள் காய்கள்
காதணி போல ஆடும்,
கீழே ஒரு குரங்கு சிரிக்கும்.

அந்தக் காய்களை யாரோ பென்சிலால் அடித்துவிட்டார்கள்.
ஒவ்வொன்றாய், பொறுமையாக.
பிறகு அடிமரத்தில்,
பலா காய்க்கிற மாதிரி
மரத்தின் உடம்போடு ஒட்டவைத்து
ஏழு காய் வரைந்திருந்தார்கள்.

நான் அழித்தேன். அது என் வேலை.
மூன்று வாரத்தில் ஏழும் திரும்பி வந்தன.
மறுபடி அழித்தேன்.
இந்த முறை ஒன்பது.

யார் எடுத்துப் போனார்கள் என்று பார்க்கக் கூடாது,
விதி இருக்கிறது.
பார்த்தேன்.
செர்வா போவாடி, எட்டு வயது.
அப்பா நான்காம் எண் டிராம் ஓட்டுகிறவர்.
புத்தகத்துக்குள் ஒரு சீட்டு வைத்தேன்:
தயவுசெய்து வரைய வேண்டாம்.
அதே சீட்டின் முதுகில் பதில் வந்தது:
"அப்போ ஒழுங்கா வரையச் சொல்லுங்க.
குரங்கு சிரிக்காது. அதுக்கு நேரமில்லை.
காயை உடைச்சு வெள்ளைச் சதையை உறிஞ்சிட்டு
கொட்டையைத் துப்பிட்டு ஓடும்.
நானும் அப்படித்தான் தின்னேன்
போன லீவுல, சித்தப்பா தோட்டத்துல."

வெள்ளைச் சதையா?
சாக்லேட் ஆலைக்கு மூன்று தெரு தள்ளிப் பிறந்தவள் நான்.
வறுக்கிற வாசம் எங்கள் பக்கம் வீசினால்
துணியை உள்ளே எடு, மழை வரும் என்பாள் அம்மா.
ஐம்பத்திரண்டு வருடம் அந்தக் காற்றைக் குடித்திருக்கிறேன்.
அதற்குள் ஒரு பழம் இருக்கிறதென்று,
சீத்தாப்பழம் போல் வழுக்கிக்கொண்டு,
புளித்து, இனித்து,
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
முப்பத்தொரு புத்தகமும் சொல்லவில்லை.

பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டேன்.
நன்றி சொன்னார்கள்.
கரடி படம் போட்ட பக்கக்குறி ஒன்று
இலவசமாக அனுப்பினார்கள்.

ரப்பர் இப்போது இழுப்பறையின் அடியில் கிடக்கிறது.

போன திங்கள்.
மழை, எட்டரை மணி.
இருபத்து மூன்றாம் பக்கம் உப்பியிருந்தது.
பழுப்பே இல்லாத பக்கம்.
அடிமரத்தில், கீழிருந்து மூன்றாவது பென்சில் காய்
ஈரத்தில் கலைந்து
சாம்பல் நிறமாய் இழுபட்டிருந்தது
ஒரு நாக்கின் அகலத்துக்கு.
மற்றவை என்று குறித்தேன்.

அன்று மாலை வான்னஸ் வந்தான்,
பல்லெல்லாம் முளைத்துவிட்டதாம், அவன் அக்கா சொன்னாள்.
எங்கே காட்டு என்றேன்.
தலையை மட்டும் ஆட்டினான்.
போகிறவரை
வாயைத் திறக்கவே இல்லை.