நெல்லுக்குத் தெரிந்த இரண்டு சொற்கள்

வேல்ஸ் மலையிலிருந்து கப்பலேறி
ஃபரோ தீவில் வந்திறங்கியது ஒரு நாய்.
பெயர் நெல்.
அவர்கள் மொழியில் அது பயிரில்லை, வெறும் பெயர்.
உருளைக்கிழங்குகூடக் காற்றுக்கு அஞ்சிச்
சுண்டிப்போகும் அந்தப் பாறையில்
நெல்லென்று முதன்முதலில் காலூன்றியது அதுதான்.

வாங்கியவன் ஹானுஸ்.
எழுபத்திரண்டு ஆடு, பாதிப் படகு,
இரண்டு வயதில் ஒரு மகள்.

கூண்டைத் திறந்ததும்
நெல் அவனைப் பார்க்கவில்லை.
சரிவில் மேய்ந்த ஆடுகளைப் பார்த்தது.
தலை தாழ்ந்தது. தோள் எழுந்தது.
முன்னங்கால் ஒன்று அந்தரத்தில் நின்றது.
வயிறு புல்லைத் தொட்டும் தொடாமலும்
நாண் இழுத்து எய்யாமல் வைத்த அம்பு.
இதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.
ஓநாய்க் காலத்துப் பசி.
கொல்லும் கடைசி அடியை மட்டும்
எந்தக் கைகளோ கத்தரித்துவிட்டு
மிச்சத்தை ரத்தத்திலேயே விட்டுவைத்திருந்தன.

"படு" என்றான் ஹானுஸ், தன் மொழியில்.
படுக்கவில்லை.
"நில்" என்றான்.
ஓடியது.
ஆடுகள் நாலாபுறமும் தெறித்தன. கிடா ஒன்று
இறைச்சி காயும் கொட்டகைப் பலகைக்குள்
கொம்பை மாட்டிக்கொண்டு கத்தியது.
எதிர்வீட்டு சுன்வா சன்னலில் நின்று கைதட்டினாள்.
பாராட்டில்லை அது.

இரவு வேல்ஸுக்குத் தொலைபேசி.
விற்ற இத்தேல் விழுந்து விழுந்து சிரித்தான்:
"அதுக்கு இங்கிலீஷே வராது,
உன் பாஷையா வரப்போகுது?"
பிறகு இரண்டு சொற்களை
எழுத்தெழுத்தாகச் சொன்னான்.
கோர்வெத் என்றால் படு.
அரோஸ் என்றால் நில்.
தீவன ரசீதின் முதுகில் எழுதிக்கொண்டான் ஹானுஸ்.

படகில் சொல்லிப் பார்த்தான்.
குளியலறையில் சொன்னான், எதிரொலி கேலி செய்தது.
நெல் ஒரு காதைச் சாய்க்கும்:
அப்படியில்லை, இன்னொரு தடவை.
ஒன்பதாம் நாள், மழையில், தொண்டை கட்டிய குரலில்
"கோர்வெத்" என்றான்.
படுத்தது.
அவனும் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

சுன்வா அன்றைக்கு வேறொன்று சொன்னாள்.
"நிக்கும்போது வலது பாதத்தை உள்ளே திருப்பி,
பின்னால் ஒரு கையால் மறு முழங்கையைப் பிடிக்கிறாயே,
உன் அப்பன் துறைமுகத்தில் அப்படித்தான் நிற்பான்."
அப்பனின் படகு திரும்பாமல் போய்
நான்கு மாதம் கழித்துப் பிறந்தவன் ஹானுஸ்.
பாதத்தைப் பார்த்தான்.
நேராக்கி வைத்தான்.
கொஞ்ச நேரத்தில் அது தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டது.
கையைப் பற்றி என்ன சொல்வது?
எலும்பு தந்ததா, ஊர் தந்ததா?
ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் நிற்கிறார்கள்,
காற்று அப்படி.

வசந்தத்தில் ஐந்து குட்டிகள்.
ஏழாம் வாரம் வாத்துகள் முற்றத்தைக் கடந்தன.
மூன்று குட்டி குரைத்துத் துரத்தின.
ஒன்று தூங்கியது.
சாம்பல் காதுக்காரி மட்டும்
தலை தாழ்த்தி, தோள் உயர்த்தி,
ஒரு காலை அந்தரத்தில் நிறுத்தினாள்.
ஆடு என்ற ஒன்றை அவள் கண்டதேயில்லை.
வாத்தே போதுமாயிருந்தது.

வெற்றுப் பலகை அவள், சொல்லைப் பொறுத்தவரை.
தன் மொழியிலேயே தொடங்கியிருக்கலாம் ஹானுஸ்.
வாய் திறந்தான்,
வந்தது கோர்வெத்.
மகள் ராக்குல் அதை எப்போதோ பிடித்துவிட்டாள்.
பொம்மைக்கும் கோர்வெத், பூட்ஸுக்கும் கோர்வெத்,
தூங்க மறுத்த இரவில் தனக்கே ஒரு கோர்வெத்.

இலையுதிர் காலத்தில்
சாம்பல் காதுக்காரியைச் சாண்டோய் தீவு மக்னி வாங்கினான்.
பணம் எண்ணி முடித்ததும்
ஹானுஸ் ஒரு ரசீதைத் திருப்பிப் போட்டு
இரண்டு சொல் எழுதிக் கொடுத்தான்,
வாயால் சொல்லியும் காட்டினான்.
இத்தேல் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பான்.
குட்டியோ
வாலடங்கி, பெட்டியோரம் சட்டென்று படுத்தது.
அதற்கு அதுதான் சரியான உச்சரிப்பு.