நிகர எடை

குருபரப்பள்ளி தாண்டி, பெங்களூர் போகிற பக்கம்,
அறுபது டன் எடைமேடை. இரவு ஷிப்ட் எனக்கு,
பதினாலு வருஷமாக.
கிரானைட் வரும், புளி வரும்,
ஆனி பிறந்தால் கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா மாங்காய்
விடிய விடிய வரும்.
பாரத்தோடு ஒரு சீட்டு,
இறக்கிவிட்டு வந்தால் ஒரு சீட்டு,
கழித்தால் நிகரம்.
டிரைவர் இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி.
தூங்குகிறவனை நான் எழுப்பியதில்லை.
இரண்டு தடவையும் உள்ளேயே தூங்கினால்
அவன் கணக்கிலேயே வரமாட்டான்.

சித்திரையில் ஆர்.டி. முதிர்ந்தது.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம், சில்லறை வேறு.
பாஸ்புக்கை ஃபிரிட்ஜ் மேல், மாத்திரை டப்பாவுக்கு அடியில்
வைத்தாள் முனிரத்னா.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதது எனக்குக் கேட்டது:
தொள்ளாயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டும் கக்கின போர்.
மழைக்கு முன்னால் மாற்றவேண்டிய ஷீட்.
ரேணுகாவின் கடைசி வருஷ ஃபீஸ் -
அதை அவளே எங்கேயோ வாங்கிக் கட்டிவிட்டாள்,
எங்கே என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு கார்.
ஏதோ ஒரு கார் இல்லை.
காவேரிப்பட்டணம் கெம்பண்ணாவின் கான்டெஸா,
தொண்ணூற்றேழு மாடல், பாலாடை நிறம்.
பத்தொன்பது வயதில் பர்கூர் பெட்ரோல் பங்கில்
கண்ணாடி துடைக்கிற வேலை.
அந்த பானெட்டின் நீளத்துக்கு
எக்கி எக்கிப் பார்த்தும் நடுக்கண்ணாடி எட்டாது.
இரண்டு பக்கமும் துடைத்து
நடுவில் ஒரு கோடு தூசு விட்டேன்.
அஞ்சு ரூபாய் தந்துவிட்டு
அந்தத் தூசு வழியாகவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனார்.
இன்னும் எக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது இரண்டு அறுபது கேட்கிறார்.
"பையனுக்கு இது கப்பலாம்,
பெங்களூர்ல நிறுத்த இடமில்லையாம்."
எஃப்.சி. இரண்டு வருஷம் இருக்கிறது.
ஏ.சி. ஊதும், குளிராது.
மெக்கானிக் சலாவுதீன் அடியில் படுத்துப் பார்த்து எழுந்தான்:
"பாடி நல்லா இருக்கு. உனக்குப் புத்தி நல்லா இருக்கா?"

ஒரு ராத்திரி வைத்துப் பார் என்று சாவியைத் தந்தார் கெம்பண்ணா.
முனிரத்னாவும் வந்தாள், நைட்டிமேல் துண்டு போட்டு,
மடியில் என் சாப்பாட்டுக் கூடை.
டோல்கேட் வெளிச்சத்தில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.
யாருமே பார்க்கவில்லை என்றாள் அவள்.

இரண்டு மணிக்கு லாரி ஓய்ந்தது.
மேடைமேல் ஏற்றினேன்.
கேபினுக்குப் போய்ப் பார்த்தேன்: ஆயிரத்து முந்நூறு.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் இது.
ஒன்பது கிலோ பயம் இருந்தால் இதற்குத் தெரியாது.
கம்ப்யூட்டர் கேட்டது: சரக்கு?
காலியாக விட்டால் சீட்டு அடிக்காது.
கல் என்று போடவா,
புளி என்று போடவா.

பின்னால் ஒரு ஆந்திரா லாரி வந்து நின்றது.
டிரைவர் இறங்கினான், காரைச் சுற்றி வந்தான்,
பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான்.
"எவரிதி அண்ணா?"
கெம்பண்ணா பெயர் நாக்கு நுனிவரை வந்தது.
தூங்குகிறாள் என்று நான் நினைத்திருந்தவள்
கண்ணாடியை இறக்கினாள்:
"லிட்டருக்கு எட்டுதான் குடுக்குமாம்.
ஸ்டெப்னி புதுசு.
ரெண்டு இருபதுக்கு இறங்குவாரு."

இதெல்லாம் என்னிடம் யாரும் சொல்லவில்லை.
எப்போது பேசினாள்,
யார் போனில்?

"இறங்கு, வெறும் வண்டி எடை பார்க்கணும்" என்றேன்.
கண்ணாடி ஏறிக்கொண்டது.
லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
சரக்குக்கு நேரே கர்சர்
இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது.