மாதிரி எண் பதினேழு

ஒரே ஒரு இடம். உதவிப் பேராசிரியர், வேதியியல்.
இந்தச் சுழற்சி யாருக்கு என்று
அறிவிப்புப் பலகைக்கு அடியில் நின்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்
குடியாத்தம் தனகோட்டி.
ஏழாவது நேர்காணலாம் அவருக்கு.
கோப்பின் முதுகில் ஒட்டிய டேப்
பழுத்துப் போயிருந்தது.

காட்பாடி தாண்டி, சேர்க்காட்டில் இறங்குவதற்குள்
துப்பட்டாவின் இஸ்திரி செத்துவிட்டது.
பத்து மணி வேலூர் வெயிலுக்கு
முனைவர் பட்டமெல்லாம் தெரியாது.

நடைவழியில் இருபத்தாறு பேர்.
அசல், நகல், நகலின் நகல்.
கட்டுரைக்கு இத்தனை மதிப்பெண்
அனுபவத்துக்கு இத்தனை.
ஒன்பது வருஷமாய் நான் கௌரவ விரிவுரையாளர்.
மே மாதம் சம்பளம் கிடையாது,
கௌரவம் மட்டும் உண்டு.

குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள்.
ஒரு வாய்தான்.
உப்பு ஆயிரத்து இருநூறைத் தாண்டும் என்றது நாக்கு,
யாரும் கேட்காமலே.

'எச். ரஹமத்துன்னிஸா!'

உள்ளே ஐந்து நாற்காலி. ஒருவர் ஃபோனில்.
வெளியூர் வல்லுநர், நல்ல முகம், கேட்டார்:
"பாலாற்றங்கரைக் கிணறுகளில் குரோமியம்,
அருமையான கட்டுரை ஒன்று வந்திருக்கிறதே, படித்தீர்களா?
பதினேழாவது மாதிரி மட்டும்
ஏன் அப்படி எகிறுகிறது?"

படித்தேன் என்றேன்.
கடைசிப் பக்கம், எறும்பு எழுத்தில்,
'மாதிரி சேகரிப்பில் உதவியோர்க்கு நன்றி.'
அந்த 'ஓர்' விகுதிக்குள்
எங்கோ நானும் இருந்தேன்.

பதினேழு, மேல்விஷாரம் ஹமீதா வீட்டுக் கிணறு.
கயிறு எட்டவில்லை.
துப்பட்டாவை அவிழ்த்து முடிந்துதான் பாட்டிலை இறக்கினேன்.
வந்த நீர் இளமஞ்சள்.
அழகாய்க்கூட இருந்தது, சொல்ல வெட்கம்.
'குடிக்கிறதில்லக்கா, பாத்திரம் கழுவுறதோட சரி'
என்றாள், முழங்கையைச் சொறிந்தபடி.
என் அத்தாவுக்கும் அதே இடத்தில்தான் அரிக்கும்.
அவர் இறங்கிய தோல் தொட்டியின் கூலியில்தான்
என் முதல் கல்லூரிக் கட்டணம் கட்டியது.
இதை எந்த அட்டவணையில் போட?

"பக்கத்தில் கழிவு மேடு இருக்கிறது, ஐயா.
டிசம்பர் மழை விட்ட மறுநாள் எடுத்தது.
மேடு கரைந்து இறங்கியிருக்கிறது.
கட்டுரையில் மே என்று அச்சாகியிருக்கிறது.
அது பிழை."

ஃபோன் மேசைக்கு வந்தது.
கட்டுரையின் முதல் பெயர் அவருடையது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லியிருக்கலாம்.
ஐந்து நாற்காலியும் அதற்குத்தான் காத்திருந்தன,
ஒன்று மட்டும் வேறு மாதிரி.

"கிணற்றுக்காரியைத் தெரியும்" என்றேன்.

வல்லுநர் ஏதோ குறித்துக்கொண்டார்.
மதிப்பெண்ணா, தேதியா, தெரியவில்லை.

வெளியே தனகோட்டி, "என்ன கேட்டாங்க மேடம்?"
"தேதி கேட்டாங்க சார்."
குழம்பிப்போய்த் தன் கோப்பில்
பிறப்புச் சான்றிதழைத் தேட ஆரம்பித்தார் பாவம்.

பாலாற்றுப் பாலத்தில் பேருந்து ஊர்ந்தது.
கீழே மணல், அதில் ஒரு கோடாய் ஏதோ மினுங்கல்.
நாளை முதல் பாடவேளை எனக்கு.
பையைத் துழாவினேன்.
காலி பாட்டில் இருந்தது.
மூடியைத் திருகிப் பார்த்தேன், இறுக்கமாய்த்தான் இருக்கிறது.