எதிர்காற்று

பெங்களூரிலிருந்து டெல்லி
ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர், கொஞ்சம் முன்பின்.
நூல் பிடித்த நேர்கோடு அல்ல,
உலகம் உருண்டை என்பதால் சற்றே வளைந்து.
காற்றில் இருக்கும் நேரம் இரண்டேகால் மணி.
டிக்கெட்டில் இரண்டு ஐம்பது.
இடையிலுள்ள முப்பத்தைந்து நிமிடம்
என் கைச்சரக்கு.

ஓடுபாதை வரிசையில் நிற்க இவ்வளவு,
டெல்லிக்கு மேலே வட்டமடிக்க இவ்வளவு என்று
பிரித்துப் பிரித்து எழுதுவேன்.
கடைசியில் ஐந்தோ பத்தோ
யாருக்கும் கணக்குச் சொல்லாமல் சேர்ப்பேன்.
அதனால்தான் நீங்கள் இறங்கும்போது
குறித்த நேரத்துக்கு முன்பாகவே என்று
ஒரு குரல் பெருமைப்படுகிறது.
கைதட்டிவிடாதீர்கள்.
காய்க்காரர் நீட்டும் கொத்தமல்லிக் கொசுறு போல
விலையிலேயே பிடித்து வைத்ததுதான் அது.

முருகேஷ்பாளையத்தில் வீடு.
பழைய விமான நிலையம் நடக்கிற தூரம்,
அங்கிருந்து இப்போது யாரும் டெல்லி போவதில்லை.
புதியது, ஹெப்பாள் மேம்பாலம் மனது வைத்தால்
ஒன்றரை மணி.
மனது வைக்காத நாளுக்கு
அட்டவணை எழுத ஆளில்லை.

மாதத்தின் இரண்டாம் வெள்ளி
எழினியைக் கூட்டிப்போகிறேன்.
ஒன்பது வயது. கழுத்தில் அட்டை.
ஒப்படைப்பவர் நான். பெறுபவர் இளம்பரிதி.
இரண்டு கையெழுத்து, இரண்டு அடையாளச் சீட்டு.
பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர் போதும்.

தீர்ப்பு பதினோரு பக்கம்.
வாரக்கடைசி ஒன்று தகப்பனிடம்.
ஒற்றைப்படை ஆண்டுத் தீபாவளி தாயிடம்.
பல் டாக்டர் செலவு பாதிப்பாதி.
அந்த இரண்டு ஐம்பது யாருடையது என்று
ஒரு வரி இல்லை.
வக்கீல் ஃபெலிசிட்டா கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.
"அது ஆகாயம்மா, அங்கெல்லாம் சம்மன் போகாது."

ஞாயிறு இரவு வருகை வாசலில் நிற்பேன்.
பலகையில் பச்சை எழுத்து: தரையிறங்கியது.
பன்னிரண்டு நிமிடம் முன்னதாக.
ஆனால் நிறுத்த இடமில்லை,
முன்னால் போன விமானம் இன்னும் நகரவில்லை.
நான் சேர்த்த நிமிடங்கள் அத்தனையும்
உள்ளே அவளோடு,
வெளியே நான்.

போன மாதம் காரில் கேட்டேன், பயமா இருக்கா என்று.
நாக்பூர் தாண்டினால் தக்காளி ஜூஸ் தருவார்களாம்.
அப்பாவிடம் அம்மா பேரையும்
அம்மாவிடம் அப்பா பேரையும்
பார்த்துப் பேச வேண்டாமாம் அங்கே.
"பக்கத்து சீட் அங்கிள் தூங்கிருவாரு. நான் சும்மா இருப்பேன்."
தேவனஹள்ளி டோல்கேட் வரை எதுவுமில்லை.
அப்புறம்,
"இறங்கினதும் கதவு உடனே திறக்கலன்னா இன்னும் நல்லாருக்கும்."

கோடை அட்டவணை வந்தது.
மேலாளர் காவ்ங்கர் பேனாவால் மேசையைத் தட்டினார்:
டெல்லியில் பனி போயாச்சு, ஐந்து நிமிடம் வெட்டு.
வருஷத்துக்கு எத்தனை லட்சம் தெரியுமா?
தெரியும். அந்தக் கணக்கைப் போட்டதே நான்.

காலை விமானங்கள் ஏழிலும் வெட்டினேன்.
நள்ளிரவு விமானத்தில் எட்டு.
வெள்ளி பிற்பகல் எண்ணின்மேல் விரல் வைத்தேன்,
எடுத்தேன்,
தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.
ஐந்து கூட்டினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
எதிர்காற்று என்று நிரப்பினேன்.

வடக்கே போகிறது விமானம்.
காற்று மேற்கிலிருந்து வந்து விலாவில் அடிக்கும்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.